டேப்லெட் பார்த்துக்கொள்ளாது

மாதிரிக் கணக்கெடுப்புகளைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் ஒரு கருத்து இப்போது எதிர்ப்பே இல்லாமல் ஏற்கப்படுகிறது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் களப்பணியாளர்கள் ஏமாற்றுவார்கள், தரவு கெடுவதற்கு அதுவே முதல் காரணம் என்பது அதன் ஒரு பாதி. முன்பு அவர்களைக் கண்காணிக்க ஊர் ஊராக ஒரு சூப்பர்வைசரை அனுப்ப வேண்டியிருந்தது, இனி அதற்கு அவசியமில்லை என்பது மறுபாதி. எந்த வாசலில் நின்றார் என்று ஜிபிஎஸ் சொல்லிவிடும். பேட்டி எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று கடிகாரம் சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் ஒலிப்பதிவு இருக்கிறது. ஆகவே ஒருவர் மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்தபடியே முப்பது நாற்பது பேரைக் கவனித்துக்கொள்ளலாம், அவர் களத்தில் கழிக்கும் நாள்கள் வீண்செலவு என்கிறார்கள். செலவைக் குறைக்கச் சொன்னால் மேற்பார்வைக்கென்று எழுதிய தொகையில் முதலில் கைவைப்பது இந்த நம்பிக்கையால்தான்.

களக்குழுக்களை நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தக் கருத்தின் இரண்டு பாதிகளும் தவறு. முதல் பாதி பிழை எங்கே பிறக்கிறது என்பதைத் தவறாகக் காட்டுகிறது. இரண்டாம் பாதி அந்தத் தவறான இடத்தில் காவல் போடுகிறது.

பொய்ப் பேட்டிகளே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆளே பார்க்காமல் மரத்தடியில் உட்கார்ந்து படிவம் நிரப்பியவர்கள் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். டேப்லெட்டால் நன்மை இல்லை என்றும் சொல்லவில்லை. தாவ வேண்டிய கேள்விகளை அதுவே தாவுகிறது. பன்னிரண்டு வயதுத் தாய்க்குப் பத்து வயது மகன் என்று பதிய விடாது. தாளில் எடுத்த காலத்தில் மாதக்கணக்கில் நடந்த தரவேற்ற வேலை அன்றிரவே முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தக் கருவி எதைப் பார்க்கிறது, எதை அதனால் பார்க்கவே முடியாது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டால் கட்டடம் முழுவதும் ஆடத் தொடங்கும்.

பிஎல்எஃப்எஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்வோம். 2017 ஏப்ரலில் தொடங்கியது, டேப்லெட்டில் நடப்பது. வீட்டில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்பதற்கு இரண்டு இலக்கக் குறியீடு உண்டு. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவருக்கு 92. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் கூட உழைப்பவருக்கு 21. ஆய்வாளர் கேட்கிறார்: "வேலைக்கு எதுவும் போறீங்களாக்கா?" அந்தப் பெண் சொல்கிறார்: "வேலைக்கெல்லாம் போகலை தம்பி, வீட்லதான் சும்மா இருக்கேன்." 92 விழுகிறது. அவருக்குப் பின்னால் கொட்டகையில் இரண்டு எருமைகள் நிற்கின்றன. சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் கொண்டுவந்த கேன் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. விடியுமுன் எழுந்து பால் கறப்பவர் அவர்தான். சொசைட்டி அட்டை கணவர் பெயரில் இருக்கிறது, பணமும் அவர் கைக்குத்தான் வருகிறது. அதனால் அந்த உழைப்பை அந்தப் பெண் தன் வேலை என்று நினைத்ததே இல்லை.

இந்தப் பேட்டியில் ஏமாற்று எதுவும் கிடையாது. ஜிபிஎஸ் புள்ளி சரியான வீட்டில் விழுந்திருக்கிறது. நேரம் சரி. ஒலிப்பதிவைக் கேட்டால் கேள்வியும் பதிலும் தெளிவாக இருக்கின்றன. 92, 21 இரண்டுமே செல்லுபடியாகும் குறியீடுகள் என்பதால் டேப்லெட் எதையும் மறுக்காது. தலைமையகத்துத் திரையில் இந்தப் பேட்டி பச்சை நிறத்தில்தான் தெரியும். ஆனால் பதிவு தவறு. அந்தத் தவறைப் பார்க்கக்கூடியவர் ஒருவர்தான்: பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்து, அடுத்த வீட்டுக்கு நடந்துபோகும் வழியில், "தம்பி, அந்தப் பால் கேனைப் பார்த்தீங்களா? மாடு யார் பார்க்கிறாங்க, பால் யார் கறக்கிறாங்கன்னு ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே" என்று சொல்பவர். அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தம்பி ஆடு, கோழி, பீடி இலை, பூக்கட்டு எல்லாவற்றையும் கேட்கத் தொடங்கியிருப்பார்.

இது சின்ன விஷயமல்ல. 2017-18இல், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 23.3 விழுக்காட்டினர்தான் உழைப்பாளர் கணக்கில் வந்தார்கள். 2023-24இல் அது 41.7 விழுக்காடு. ஏறியதில் பெரும்பகுதி கிராமப்புறச் சுயதொழிலும் ஊதியமில்லாக் குடும்ப உழைப்பும். அதாவது, வாசலில் கிளறிக் கேட்டால் வெளியே வருகிற, கேட்காவிட்டால் மறைந்துபோகிற அதே வகை. இந்த ஏற்றத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று பொருளாதார அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தின் ஆணிவேர், கேள்வி கேட்பவர் எவ்வளவு பழகியவர், அவருக்குப் பழக்கிவிட்டவர் யார் என்பதில் இருக்கிறது. அதை எந்த ஜிபிஎஸ்ஸும் அளக்காது.

பார்க்க முடியாததைப் பார்க்காமல் விடுவது ஒரு பக்கம். நேர்மையாக எடுத்த பேட்டியைப் பொய் என்று காட்டுவது இன்னொரு பக்கம். நோபிள் குரியகோஸ், மைக்கேல் ராபின்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை முன்வைத்தார்கள்: இரண்டு பேட்டிகளின் பதில்கள் 85 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் அவை நகலெடுக்கப்பட்டவையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். உலகமெங்கும் பல கணக்கெடுப்புகள் ஒரே நாளில் சந்தேகத்துக்குள்ளாயின. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2016இல் அதை மறுத்தார்கள். கேள்விகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் உள்ள விடைகளின் எண்ணிக்கை, மக்கள் எவ்வளவு ஒரே மாதிரி வாழ்கிறார்கள் என்பது ஆகியவற்றைப் பொறுத்து, உண்மையான பேட்டிகளே அவ்வளவு ஒத்துப்போகும் என்று காட்டினார்கள்.

தமிழ்நாட்டில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு சமத்துவபுரத்துக்குள் போய் வீட்டு வசதிகளைக் கேட்டுப் பாருங்கள். எல்லா வீடும் ஒரே வரைபடத்தில் அரசு கட்டியது. ஒரே சுவர், ஒரே கூரை, ஒரே தண்ணீர்த் தொட்டி. 2006க்குப் பிறகு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி, 2011க்குப் பிறகு கொடுத்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. அரிசி ஒரே ரேஷன் கடையில். பொருள்பட்டியல் பகுதி முழுக்க அச்சு மாறாமல்தான் வரும். கணினி சிவப்பு விளக்கைப் போடும். அந்தச் சிவப்பைப் பார்த்துத் தலைமையகத்திலிருந்து ஆய்வாளருக்குத் தொலைபேசி வரும், விளக்கம் கேட்பார்கள், சில இடங்களில் அந்த நாளின் கூலியை நிறுத்துவார்கள். இது நடந்த பிறகு நேர்மையான ஆய்வாளர் என்ன கற்றுக்கொள்கிறார்? பதில்கள் கொஞ்சம் வேறுபட்டிருந்தால் தொந்தரவு வராது என்பதைக் கற்றுக்கொள்கிறார். பேட்டி சீக்கிரம் முடிந்தால் கேள்வி வரும் என்று தெரிந்ததும், தனியாக வாழும் பாட்டியிடம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற படிவத்தை மூடாமல் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பழகுகிறார். கண்காணிப்புக்கு ஏற்ற தரவு தயாராகிறது. இப்படிப் பழகியவர்கள் பிறவி ஏமாற்றுக்காரர்கள் அல்ல; அவர்களை அப்படி ஆக்கியது திரை.

இனி முதல் பாதிக்கு வருகிறேன். ஏமாற்றுகிற மனிதர்களால்தான் தரவு கெடுகிறது என்ற எண்ணம் எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு, மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்புகளில் பல நாடுகளில் பதிவான ஒரு வடிவம் சாட்சி. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இவற்றில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களிடம் தனிப்பேட்டி எடுக்க வேண்டும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் தடுப்பூசி, வயிற்றுப்போக்கு, தாய்ப்பால், இணை உணவு என்று ஒரு பெரிய பகுதி கூடும். பெரும்பாலும் ஐந்து வயது அதற்கு எல்லை. தரவைக் கூட்டிப் பார்த்தால் நான்கு வயதுக் குழந்தைகள் குறைவாகவும் ஐந்து வயதுக் குழந்தைகள் கூடுதலாகவும் இருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண்கள் குறைந்து பதினான்கு வயதினர் கூடுகிறார்கள். நாற்பத்தொன்பதுகள் ஐம்பதுகளாகின்றன. எல்லைக்கோட்டில் நிற்கிறவர்களை ஆய்வாளர் கோட்டுக்கு வெளியே நகர்த்துகிறார்.

இதைச் செய்தவர்கள் வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு மொழியினர், வெவ்வேறு பத்தாண்டுகளில் வேலை செய்தவர்கள். இத்தனை பேரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி சறுக்குகிறார்கள் என்றால் கோளாறு ஆளிடம் இருக்கிறதா, வேலையை வகுத்த விதத்திலா? ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, சுருக்கமான படிவத்துக்கும் நீண்ட படிவத்துக்கும் அதே தொகை என்று வைத்துவிட்டு, நீண்ட படிவம் குறைந்துபோனதே என்று வியப்பது நியாயமல்ல. அந்த ஆளைப் பிடித்து வெளியே அனுப்பலாம். அவர் இடத்துக்கு வருபவர் இரண்டாம் வாரத்தில் அதே கணக்கைப் போட்டுவிடுவார்.

இந்தக் கூலி எத்தனை கை மாறி அவரிடம் வருகிறது என்பதையும் பேச வேண்டும். அமைச்சகம் ஒரு நிறுவனத்திடம் கொடுக்கிறது, அது ஒப்பந்த முகமையிடம், முகமை மாவட்டத்தில் ஒருவரிடம், அவர் பட்டப்படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தங்கும். கடைசியில் ஒரு நாளைக்கு இத்தனை என்ற இலக்கு மட்டும் குறையாமல் வந்து சேரும். சூப்பர்வைசரின் சம்பளமும் அதே இலக்கில் தொங்குகிறது என்றால், இலக்கைத் தள்ளிவைத்துவிட்டு "இந்தப் பேட்டியைத் திரும்ப எடு" என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? 2001இல் அறிக்கை தந்த சி.ரங்கராஜன் தலைமையிலான தேசியப் புள்ளியியல் ஆணையம், பயிர்ப் புள்ளிவிவரங்கள் சீரழிந்ததைப் பற்றிச் சொன்னதும் இதுதான்: கிராமக் கணக்கருக்கு வேலைப்பளு அதிகம், பயிர்க் கணக்குக்கு முக்கியத்துவம் இல்லை, மேலதிகாரிகளின் மேற்பார்வை தேய்ந்துவிட்டது. அந்த அறிக்கை திருடர்களைத் தேடவில்லை.

தலைமையகத்தில் பிறக்கும் பிழைகளும் உண்டு. அவற்றுக்கு ஆய்வாளரைக் குற்றம் சொல்லவே முடியாது. 1999-2000இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 55ஆம் சுற்றில், உணவுச் செலவைக் கடந்த ஏழு நாள்களுக்கும் கடந்த முப்பது நாள்களுக்கும் ஒரே வீட்டில், அடுத்தடுத்த பத்திகளில் கேட்கச் செய்தார்கள். இரண்டு எண்களும் ஒன்றையொன்று இழுத்தன என்பது விமர்சகர்களின் வாதம். அதற்கு முந்தைய பெரிய சுற்றான 1993-94இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26.1 விழுக்காடாக இறங்கிவிட்டது என்று அரசு அறிவித்தது. அது உண்மையான இறக்கமா, கேள்வித்தாள் செய்த வேலையா என்று பல ஆண்டுகள் சர்ச்சை நடந்தது. பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் போன்றவர்கள் அந்த எண்களைச் சரிசெய்யவே தனியாக வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்திய வறுமைக் கணக்கில் நடந்த மாபெரும் சர்ச்சைகளில் ஒன்று, மரத்தடியில் படிவம் நிரப்பியவரால் வந்ததல்ல. டெல்லியில் வரைந்த இரண்டு பத்திகளால் வந்தது. இதற்கு மாறாக, 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் நீண்ட கேள்வித்தாளை மூன்றாகப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போனார்கள். பழைய எண்களோடு ஒப்பிட முடியுமா என்ற வாதம் தனி. கேட்பவரும் சொல்பவரும் மனிதர்கள், அவர்களுக்குக் களைப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட முடிவு அது. தரம் இப்படித்தான் கூடும்.

டேப்லெட்டே காவல் என்று நம்புகிறவர்கள் 2011இன் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். தாளே இல்லாமல், நாடு முழுக்க டேப்லெட்டில் எடுத்த கணக்கு அது. பத்து ஆண்டு கழித்து, 2021இல் ஒன்றிய அரசே உச்ச நீதிமன்றத்தில் என்ன சொன்னது? 1931இல் எண்ணப்பட்ட சாதிகள் 4,147; இந்தக் கணக்கெடுப்பில் வந்து விழுந்த பெயர்கள் 46 லட்சத்துக்கும் மேல்; ஆகவே இதைப் பயன்படுத்த முடியாது என்றது. ஒரே சாதியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதினார்கள், பட்டத்தையும் கோத்திரத்தையும் குலப்பெயரையும் சாதி என்று பதிந்தார்கள். கருவி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. முதல் வாரத்திலேயே பக்கத்தில் நின்று, "இது பட்டம், சாதிப் பெயரைக் கேளுங்க" என்று சொல்ல ஆளில்லாமல் போனதன் விலை, ஒரு நாட்டின் முழுச் சாதித் தரவு.

அப்படியானால் களத்தில் மேற்பார்வையாளர் என்னதான் செய்கிறார்? இதைத்தான் திரைக் கண்காணிப்பின் ஆதரவாளர்கள் அறிந்துகொள்ளவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வரப்பில் நின்று நாற்றை எண்ணுகிறவரும் சேற்றில் இறங்கி நடவு சொல்லித்தருகிறவரும் ஒன்றல்ல. அவர்கள் முதலாமவரை நினைத்துக்கொண்டு இரண்டாமவரை நிறுத்தப் பார்க்கிறார்கள்.

அவரது வேலை பேட்டிக்கு முன்பே தொடங்குகிறது. ஊராட்சித் தலைவரைப் பார்க்க வேண்டும், விஏஓவைப் பார்க்க வேண்டும், அங்கன்வாடி ஆசிரியையிடம் பேச வேண்டும். ஆனால் அவர்களில் யாருடனும் சேர்ந்து தெருவுக்குள் நடக்கக் கூடாது. தலைவரோடு வந்தவர்கள் என்று காலனியில் ஒரு பேர் விழுந்துவிட்டால் அங்கே உண்மை பேச மாட்டார்கள். லிஸ்டிங் சரிதானா என்று பார்க்க வேண்டும். ஊர்க் கோடியில், தோட்டத்துக்குள், கல்குவாரிப் பக்கம் தனியாக நிற்கும் வீடுகள்தான் பட்டியலில் விட்டுப்போகும். அவை பெரும்பாலும் ஏழைகளின் வீடுகள். பட்டியலில் இல்லாத வீடு மாதிரியில் வராது, மாதிரியில் வராத வீட்டைப் பற்றிக் கணினிக்கு எதுவும் தெரியாது.

பிறகு பூட்டிய வீடுகள். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம்தான் வருவார்கள். தறி ஓட்டுகிறவர் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குவார். மூன்று தடவையாவது திரும்பப் போக வேண்டும் என்று கையேடு சொல்லும். மூன்று தடவையும் காலை பதினொரு மணிக்கே போய் வந்தால் கையேட்டுக்குத் திருப்தி. அந்த வீட்டுக்காரர் கணக்கில் வரமாட்டார். கடைசிப் பேருந்து எட்டு மணிக்கு என்றால், ஏழு மணிக்கு இரண்டு பெண் ஆய்வாளர்களை அந்தத் தெருவில் விடுவதா வேண்டாமா, விட்டால் எப்படித் திரும்பக் கூட்டிவருவது என்று முடிவெடுக்கிறவர் யார்? அந்தப் பிள்ளைகள் காலையிலிருந்து கழிப்பறைக்குப் போக இடமில்லாமல் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கிறவர் யார்? மத்தியானத்துக்கு மேல் பேட்டிகள் சுருங்குவதன் காரணம் பல நேரம் இதுதான். திரையில் அது "சராசரி நேரம் குறைவு" என்று மட்டும் தெரியும்.

குடும்ப நலக் கணக்கெடுப்பில் குடும்ப வன்முறை பற்றிய பகுதி இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமை கிடைத்தால் மட்டும் கேட்க வேண்டும். யாராவது வந்துவிட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். இரண்டு அறை வீட்டில் தனிமை எங்கிருந்து வரும்? அனுபவமுள்ள சூப்பர்வைசர் முன்திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் மழை, விளைச்சல், தக்காளி விலை என்று பேசிக்கொண்டிருப்பார். மாமியாரிடம் இன்னொரு ஆய்வாளர் பேத்திகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளே அந்தப் பெண்ணுக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். அதுவரை யாரிடமும் சொல்லாததை அவர் சொல்வதும் உண்டு, சொல்லிவிட்டு அழுவதும் உண்டு. அதைக் கேட்ட ஆய்வாளருக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். அன்றிரவு அவரிடம் பேச ஒரு மூத்தவர் வேண்டும். இப்படிப்பட்ட பேட்டியை ரகசியமாக ஒலிப்பதிவு செய்து, தொலைவில் முகம் தெரியாத ஒருவர் தரச் சோதனைக்காகக் கேட்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். பதிவாகிறது என்று சொன்னால் அவர் பேசமாட்டார். சொல்லாமல் பதிந்தால் அது துரோகம்.

நம்பிக்கையைப் பற்றி இன்னொன்று. தமிழ்நாட்டில் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2020 தொடக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிராக வண்ணாரப்பேட்டையில் பெண்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்த காலம். கையில் டேப்லெட்டோடு வருகிற எவரையும் முஸ்லிம் தெருக்களில் சந்தேகமாகப் பார்த்தார்கள். நாட்டின் வேறு பகுதிகளில் கணக்கெடுப்பாளர்கள் தாக்கப்பட்ட செய்திகளும் வந்தன. அந்த மாதங்களில் கதவைத் திறக்கச் செய்ய ஒரே வழி, ஒருவர் போய் ஜமாஅத்தில் உட்கார்ந்து, கேள்வித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவர்கள் முன் புரட்டிக் காட்டுவது. செயலிக்கு "மறுத்துவிட்டார்" என்று ஒரு குறியீடு உண்டு. அதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய இயலாது.

முன்பு இந்தக் குழுக்களில் இன்னொருவர் இருந்தார். 1992-93இல் நடந்த குடும்ப நலக் கணக்கெடுப்பின் முதல் சுற்றில் சூப்பர்வைசரோடு ஒரு பெண் களத் திருத்தாளரும் குழுவோடு பயணம் செய்தார். நிரப்பிய கேள்வித்தாள்களை அன்றன்றே படித்து, ஊரை விட்டுக் கிளம்புமுன் பிழைகளை அந்தந்த ஆய்வாளரோடு உட்கார்ந்து பேசுவது அவர் வேலை. 2015-16இல் நான்காம் சுற்று கணினிக்கு மாறியபோது அந்த இடம் குழுவில் இல்லை. கூட்டல் பிழையைக் கணினி பார்க்கும் என்பது சரி. "இந்தம்மாவுக்கு மூன்றாவது குழந்தைக்கும் நாலாவதுக்கும் நடுவே ஏழு வருஷம் இருக்கே, இடையில் ஒண்ணு பிறந்து இறந்திருக்குமோ, கேட்டியாம்மா?" என்று ஆய்வாளரின் முகத்தைப் பார்த்துக் கேட்ட அந்தக் குரலுக்குப் பதிலாக என்ன வைத்தோம்? குழந்தை இறப்பு விகிதம் என்கிற எண்ணில் பாதி அந்தக் குரலில் இருந்தது.

செலவு கட்டுப்படியாகாது என்பார்கள். புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1962லேயே இதற்கான கணக்கின் அடிப்படையைத் தந்துவிட்டார். ஒரே ஆய்வாளர் எடுத்த பேட்டிகளில் அவருடைய சாயல் கொஞ்சம் படியும். அவர் எவ்வளவு நேர்மையானவர் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தச் சாயலின் அளவு 0.02 என்றே வைத்துக்கொள்வோம், மிகச் சிறியது. ஒருவர் 50 பேட்டி எடுத்தால், 49ஐ 0.02ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்: 1.98. கணிப்பின் சிதறல் இரட்டிப்பாகிறது. ஆயிரம் வீட்டில் கேட்டும் கையில் இருப்பது ஏறத்தாழ ஐந்நூறு வீட்டுக்கான துல்லியம்தான். பயிற்சியாலும், பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவதாலும், ஒருவர் தலையில் அதிகப் பேட்டிகளைக் கட்டாமல் இருப்பதாலும் இந்தச் சாயல் குறையும். தொலைவிலிருந்து பார்ப்பதால் குறையாது. ஐந்நூறு வீட்டுச் செலவை வீணாக்கிவிட்டு இரண்டு சூப்பர்வைசர் சம்பளத்தை மிச்சப்படுத்தினோம் என்பது எந்த ஊர்ச் சிக்கனம்?

சூப்பர்வைசரும் சேர்ந்து ஏமாற்றினால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை இந்த மண்ணிலேயே, கணினிகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. 1930களின் பிற்பகுதியில் வங்காளத்துச் சணல் பயிரை அளக்கத் தொடங்கிய புள்ளியியலாளர் மகலனோபிஸ், ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பினார். ஒன்றன் முடிவு மற்றதற்குத் தெரியாது. இரண்டு எண்களும் விலகினால் எங்கோ கோளாறு என்று தெரிந்துவிடும். 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியபோது இந்த முறையும் கூடவே வந்தது. மனிதர் மேல் சந்தேகம் கொள்வதற்குப் பதில் அமைப்புக்குள்ளேயே சோதனையை வைத்த முறை இது. இரண்டாவது குழுவுக்குப் பணம் செலவாகும் என்பதற்காக இதைக் கைவிட்டவர்கள், இன்று ஆய்வாளரின் கைபேசியில் உளவு மென்பொருளை ஏற்றுவதற்குப் பணம் வைத்திருக்கிறார்கள்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைபேசிச் செயலியில் நடக்கப்போகிறது. சாதியும் கேட்கப்போகிறார்கள். கேட்கப்போவது பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள். ஆறு பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது நெடுநாள் வழக்கம். நல்ல விகிதம்தான், ஆனால் அவரும் இன்னொரு ஆசிரியராகவோ அலுவலராகவோ இருப்பார், தன் வழக்கமான வேலையை விட்டு இறங்க அவருக்கு நாள் கொடுக்கமாட்டார்கள். தருமபுரியில் ஒரு வீட்டில் "கவுண்டருங்க" என்று பதில் வரும். ஈரோட்டில் ஒரு வீட்டிலும் "கவுண்டருங்க" என்றே வரும். முதலாமவர் வன்னியராக இருக்கலாம், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருபவர். இரண்டாமவர் கொங்கு வேளாளராக இருக்கலாம், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருபவர். செயலியில் பட்டியல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிய வேண்டியது வாசலில் நிற்பவருக்கு. அதை முதல் நாளே, முதல் பத்து வீடுகளிலேயே, கூட இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆறு ஆசிரியர்களோடும் ஆளுக்கு ஒரு முழு நாள் நடப்பதற்கு மேற்பார்வையாளருக்குக் குறைந்தது ஒரு வாரம் பள்ளி வேலையிலிருந்து விடுப்பும், பயணப்படியும், பிழையான பதிவைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் எழுத்தில் தரப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் இப்போதே போடக்கூடிய ஆணை இது.